ம்... அப்புறம்? – குழந்தையிடம் நடந்ததைக் கேட்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

பாட்டி கதை சொல்லும்போது குழந்தை உம் கொட்டிக்கொண்டே கேட்கும். குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இது தலைகீழ். கதை குழந்தையுடையது, உம் கொட்ட வேண்டியவர்கள் நாம். பயிற்சி வகுப்புகளில் நான் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் வாய் எவ்வளவு துறுதுறுக்கிறது என்று தெரியும்.

பள்ளி ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், மகளிர் காவல் நிலையத்துக்குப் புதிதாக வந்தவர்கள், வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணையாக நிற்கும் ஆதரவு நபர்கள் ஆகியோர் கேட்டவற்றில் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பின்னணி பெரும்பாலும் தமிழ்நாட்டில் நடக்கும் போக்சோ வழக்குகள், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வருபவை. 18 வயது நிரம்பாத எல்லோரும் அந்தச் சட்டத்தில் குழந்தைகள்தான்.

ஒரு பிள்ளை என்னிடம் வந்து சொல்லிவிட்டது. முழு விவரத்தையும் நானே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். அது தானாகச் சொல்கிறவரை கேளுங்கள். நிறுத்தியதும் நீங்களும் நிறுத்துங்கள். "சொன்னது நல்லதும்மா. இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்பது போதும்.

உங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான். யார், உடம்பில் அடி அல்லது வலி இருக்கிறதா, இன்று சாயந்திரம் அந்த ஆள் இருக்கும் இடத்துக்கே பிள்ளை திரும்பப் போகிறதா. இவற்றையும் அதுவே சொல்லியிருந்தால் மறுபடி கேட்காதீர்கள். பிறகு ஒரு தாளில் அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, நேரம் போட்டு, எதைப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது காவல் நிலையம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? டீச்சர் பிள்ளையை ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூட்டிப்போகிறார். அங்கே இன்னொரு முறை. "பி.டி. சார், நீங்களும் வாங்க" என்று மூன்றாவது முறை. ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் சுற்றி நின்று நான்காவது முறை. போலீஸ் வருவதற்குள் பிள்ளை களைத்துப் போயிருக்கும். எந்த வார்த்தைக்கு எந்தப் பெரியவர் முகம் சுளித்தார் என்று கற்றும் வைத்திருக்கும். முகம் சுளிப்பது பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். நீங்கள் "அய்யய்யோ" என்று வாயில் கை வைத்த இடத்தில் அதன் பேச்சு நின்றுவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே நிறுத்தி "இவர்தானா?" என்று கேட்பது பற்றி ஒரே சொல்: கூடாது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்கிறது. சத்தியம் செய்யலாமா?

செய்யக் கூடாது. ஏற்கெனவே ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையிடம் "யாருக்கும் சொல்லாதே" என்று ரகசியம் வாங்கியிருக்கிறார். நீங்கள் இரண்டாவது ஆள் ஆக வேண்டாம். சட்டமும் விடாது. போக்சோவின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் தகவல் தர வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை.

நான் சொல்வது இப்படி: "எல்லார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன்னைப் பத்திரமா பாத்துக்க வேண்டிய ரெண்டு மூணு பேர்கிட்ட மட்டும் சொல்லணும். யார்கிட்ட சொல்றேன்னு உனக்கும் சொல்லிடுறேன்." சில பிள்ளைகள் கோபித்துக்கொள்ளும். பரவாயில்லை. பிறகு தெரிந்து ஏமாந்து போவதைவிட இந்தக் கோபம் மேல்.

போலீஸ் வாக்குமூலம் வாங்குவது ஸ்டேஷனில்தானா?

24ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. குழந்தையின் வீட்டிலோ, அது வழக்கமாக இருக்கும் இடத்திலோ, அதற்குப் பிடித்த இடத்திலோ பதிய வேண்டும். இயன்ற வரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும். சீருடை கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் எந்தக் கட்டத்திலும் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் இன்னொருவரோ உடன் இருக்க வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. முடிந்தால் ஒலி, ஒளிப் பதிவும் செய்யச் சொல்கிறது.

'வீடு' என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. குற்றம் நடந்ததே வீட்டில் என்றால்? ஒற்றை அறை லைன் வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை காதை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால்? சட்டத்தில் வீடு என்று இருப்பதால் அங்கேதான் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பிள்ளையைக் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பையன் தேர்ந்தெடுத்த இடம் அவன் பழைய பால்வாடி. டீச்சர் சாவி கொடுத்தார், பாய் விரித்து உட்கார்ந்தோம், வேலை முடிந்தது.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது? நேராக விஷயத்துக்கு வந்துவிடலாமா?

நேராக வந்தால் ஒற்றைச் சொல் பதில்கள்தான் கிடைக்கும். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பழக்கமானது என்ன? பெரியவருக்குப் பதில் தெரியும், தெரிந்துகொண்டேதான் கேட்கிறார், சரியான பதில் சொன்னால் 'குட்'. இந்தப் பழக்கத்தை உடைக்காமல் ஆரம்பிக்க முடியாது. "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் அங்க இல்ல, நீதான் எனக்குச் சொல்லணும்" என்பதை அது நம்ப வேண்டும்.

அதற்கு இரண்டு வேலைகள். முதலில் ஒத்திகை. நடந்த விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை முழுசாகச் சொல்ல வைப்பது. "காலையில எந்திரிச்சதுல இருந்து இங்க வந்தது வரைக்கும் எல்லாம் சொல்லேன்." ஆறு வயதுப் பெண் ஒருத்தி சொன்னது: "எந்திரிச்சேன். பல்லு வெளக்கினேன். பஸ்ல வந்தேன்." அவ்வளவுதான். "பல்லு வெளக்கின... அப்புறம்?" என்றேன். "அம்மா தோசை சுட்டுச்சு. எனக்கு மட்டும் முட்ட தோச. தம்பி அழுதான். அவனுக்கு முட்டை இல்ல, ஏன்னா அவன் வாந்தி எடுப்பான்..." ஐந்து நிமிடத்தில் தோசைக்கல், தம்பியின் வாந்தி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆயாவின் கூடையில் இருந்த கோழி எல்லாம் வந்துவிட்டன. எவ்வளவு விவரம் சொன்னால் இந்த அக்கா விடுவாள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் எப்படிப் பேசுவாள் என்பது எனக்கும் புரிந்தது. அம்மாவை 'சுட்டுச்சு' என்றுதான் சொல்வாள். பிறகு ஒருவரைப் பற்றி 'வந்துச்சு' என்றபோது, அது ஆளா நாயா என்று நான் திகைக்கவில்லை.

இரண்டாவது, ஆட்ட விதிகள். "எங்க வீட்டுப் பூனை பேரு என்ன?" என்று கேட்பேன். "தெரியாது" என்றால், "கரெக்ட். நான் கேக்குறது தெரியலன்னா இப்படியே தெரியாதுன்னு சொல்லணும், சும்மா எதையாவது சொல்லக் கூடாது." சில பிள்ளைகள் "மணி!" என்று உடனே ஒரு பெயர் வைத்துவிடும். அப்படியானால் விதி இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அடுத்து, "உனக்கு நாலு வயசுதானே?" என்பேன். "இல்ல, ஆறு!" என்று முறைக்க வேண்டும். பெரியவர் தப்பாகச் சொன்னால் திருத்தலாம் என்பது நம் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. வீட்டில் அதற்குப் பெயர் எதிர்த்துப் பேசுவது.

'பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்' என்பதை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். "நடந்ததை மட்டும் பேசுவோம்" என்றால் போதும்.

எந்த மாதிரி கேள்விகள் கேட்கலாம்?

கேள்வியே போல இல்லாத கேள்விகள். "அதைப் பத்திச் சொல்லு." "அப்புறம் என்ன ஆச்சு?" "ரூமுக்குள்ள போனேன்னு சொன்னியே, அங்க இருந்து இன்னொரு தடவை மெதுவா சொல்லு." அப்புறம் வெறும் "ம்".

இதற்கு ஒரு முறையே இருக்கிறது. அமெரிக்காவின் தேசியக் குழந்தைகள் நலம் மற்றும் மனித வளர்ச்சி நிறுவனத்தில், மைக்கேல் லாம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990களில் உருவாக்கியது. என்.ஐ.சி.எச்.டி. நெறிமுறை என்பார்கள். இஸ்ரேல், பிரிட்டன், கனடா என்று பல இடங்களில் நிஜ விசாரணைகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். திறந்த கேள்விக்கு வரும் பதில்களில் விவரமும் அதிகம், பிழையும் குறைவு என்பதுதான் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. நான் மேலே சொன்ன ஒத்திகையும் ஆட்ட விதிகளும் அதன் பகுதிகள்தான்.

தமிழில் கவனிக்க வேண்டியது வேறு. நம் மொழியில் பதிலைக் கையில் கொடுக்க ஒரு முழுக் கேள்வி தேவையில்லை, ஒரு விகுதி போதும். "யார் வந்தாங்க?" என்பது திறந்த கதவு. "மாமாவா வந்தாரு?" என்பதில் ஓர் 'ஆ' மட்டும்தான் சேர்ந்தது, பதில் உள்ளேயே வந்துவிட்டது. "மாமாதானே வந்தாரு?" என்றால் வாயில் திணித்தாயிற்று. இந்தத் 'தானே'யை நாள் முழுக்கப் பேச்சில் போட்டுக்கொண்டே இருக்கிறோம். பயிற்சியில் ஒவ்வொரு 'தானே'க்கும் ஒரு ரூபாய் டப்பாவில் போடச் சொல்வேன். சாயந்திரம் டீ செலவுக்குத் தாராளமாக ஆகும்.

அடுத்தது 'ஏன்'. "ஏன் அங்க போன?", "ஏன் அப்பவே சொல்லல?" இவை தமிழில் கேள்வி கிடையாது, திட்டு. 'எதுக்கு' என்று மாற்றினாலும் திட்டுதான். காரணம் தெரிய வேண்டுமென்றால் "நீ அங்க போனது பத்திச் சொல்லு" என்று கேளுங்கள். காரணம் இருந்தால் அதிலேயே வரும்.

"எத்தனை தடவை?" என்ற கேள்வியும் பயனற்றது. திரும்பத் திரும்ப நடந்ததைச் சின்னப் பிள்ளையால் எண்ண முடியாது. நீங்கள் வற்புறுத்தினால் 'பத்து' என்றோ 'நூறு' என்றோ சொல்லும், அந்த எண் கோர்ட் வரை போய் உயிரை எடுக்கும். "ஒரு தடவை நடந்துச்சா, ஒண்ணுக்கு மேலயா?" என்று மட்டும் கேட்டு, "கடைசியா நடந்ததைச் சொல்லு", "உனக்கு நல்லா ஞாபகம் இருக்குற ஒண்ணைச் சொல்லு" என்று ஒவ்வொன்றாகப் போகலாம்.

கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால் என்ன? கூச்சத்தில்தானே சொல்லாமல் இருக்கிறது?

எடுத்துக் கொடுத்ததால் வந்த பெரிய விபத்து ஒன்று உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி. 1983இல் ஒரு தாய் புகார் கொடுத்தார். காவல் துறை மற்ற பெற்றோர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பியது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஒரு மையத்தில் வைத்து விசாரித்தார்கள். "மத்த பிள்ளைங்க எல்லாம் சொல்லிட்டாங்க", "நீ எவ்வளவு புத்திசாலின்னு பார்ப்போம்" என்ற ரீதியில், கையில் பொம்மைகளை வைத்துக்கொண்டு கேட்டார்கள். பள்ளிக்கு அடியில் ரகசியச் சுரங்கப்பாதை என்பது வரைக்கும் கதைகள் வந்தன. 1990இல் எல்லாம் முடிந்தபோது ஒருவருக்குக்கூடத் தண்டனை இல்லை. அந்த நாட்டின் மிக நீண்ட, செலவு பிடித்த குற்ற வழக்குகளில் அது ஒன்று.

1998இல் கார்வன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் அந்த விசாரணை முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஒருவர் வந்து கதை சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, அவர் செய்யவே செய்யாத காரியங்களைப் பற்றிக் கேட்டார்கள். எடுத்துக்கொடுக்கும் கேள்விகள் மட்டும் கேட்ட குழுவில் 17 சதவீதம் பொய்யான 'ஆமாம்'. அதோடு பாராட்டும், 'மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்' என்ற அழுத்தமும் சேர்ந்த குழுவில் 58 சதவீதம். ஒவ்வொரு விசாரணையும் சில நிமிடங்கள்தான்.

நம் ஊரில் "சமத்துப் பிள்ளைல்ல, சொல்லிடு, சாக்லேட் தரேன்" என்று சொல்வது இதே முறைதான். பாசத்தோடு சொல்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சாக்லேட் கொடுக்க ஆசையாக இருந்தால் பேசுவதற்கு முன்பே, பேசினாலும் பேசாவிட்டாலும் கொடுங்கள்.

இதன் இன்னொரு பக்கத்தையும் மறக்க வேண்டாம். மெக்மார்ட்டின் பள்ளியில் உண்மையிலேயே எந்தக் குழந்தைக்காவது தீங்கு நடந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் அந்தக் கேள்விகள் அழித்துவிட்டன. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாம் எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு வார்த்தையும் அல்வா.

குழந்தை சொல்லும் 'மாமா', 'நேத்து' எல்லாம் எவ்வளவு நம்பகம்?

நம்பகம்தான். குழந்தைக்குத் தெரிந்த அர்த்தத்தில் நம்பகம், நம் அர்த்தத்தில் வேண்டாம்.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சிறுமி "தாத்தா" என்றாள். நான் 'தாய்வழித் தாத்தா' என்று குறிப்பில் எழுதினேன், ஏனென்றால் வீட்டில் இருந்தது அவர்தான். இரண்டு நாள் அந்த மனிதரைக் குடும்பமே பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும். அவள் சொன்ன தாத்தா, அடுக்குமாடிக் குடியிருப்பின் வயதான வாட்ச்மேன். நரைத்த முடி இருந்தால் தாத்தா, ஆட்டோ ஓட்டினால் மாமா, அப்பாவின் நண்பர் என்றால் சித்தப்பா, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் அண்ணன். முறை வைத்துக் கூப்பிடச் சொல்லி வளர்ப்பவர்கள் நாம்தான். அதனால் உறவுச் சொல் வந்தவுடன் "அந்தத் தாத்தாவைப் பத்திச் சொல்லு" என்று கேட்டே ஆக வேண்டும். எங்கே இருப்பார், என்ன வேலை, வேறு எத்தனை தாத்தா உண்டு என்பதெல்லாம் அதில் வரும்.

'நேத்து' என்பது நாலைந்து வயதில் இதற்கு முன்னால் நடந்த எதுவும். தேதிக்காகத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். "அன்னைக்கு வேற என்னெல்லாம் நடந்துச்சு?" என்றால் போதும். ஒரு பையன் "அன்னிக்கு கோயில்ல கூழு ஊத்துனாங்க, நான் தூக்குல வாங்கியாந்தேன்" என்றான். ஆடி மாதம், அந்தத் தெரு அம்மன் கோயில், எந்த ஞாயிறு என்பது வரை விசாரணை அதிகாரி கண்டுபிடித்துவிட்டார்.

உடல் உறுப்புகளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செல்லப் பெயர். குழந்தை சொல்லும் பெயரையே நீங்களும் பயன்படுத்துங்கள், அது எந்த இடம் என்று ஒரு முறை மட்டும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 'அசிங்கம்', 'தப்பு', 'கெட்ட காரியம்' இவை பெரியவர்கள் சொற்கள். குழந்தையே சொன்னால், "தப்புன்னு சொன்னியே, என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று கேட்கலாம். நாமாக அந்தச் சொற்களை உள்ளே கொண்டுவரக் கூடாது. தப்பு யாருடையது என்ற குழப்பம் அதற்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

தலையாட்டலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் அது ஆமாமா, இல்லையா, 'சரி, விடுங்க'வா? "தலையாட்டுறது எனக்குப் புரியல, வாயால சொல்றியா?" என்று கேட்டுவிடுங்கள்.

பொம்மை, படம் வைத்துக் கேட்கலாமா?

வரைய, வண்ணம் தீட்டக் கொடுப்பது நல்லது. கைக்கு வேலை இருந்தால் கண்ணைப் பார்க்காமல் பேச வசதி. அந்த ஓவியத்தை நாம் ஜோசியம் பார்க்கத் தொடங்கினால்தான் கெடுதல். கறுப்புப் பென்சிலை எடுத்தது வேறு பென்சில் முனை உடைந்திருந்ததால் இருக்கலாம். உறுப்புகள் உள்ள பொம்மைகளைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்து "காட்டு" என்பது ஆபத்து. பொம்மை கையில் வந்தால் குழந்தை விளையாடும், விளையாட்டு சாட்சியம் ஆகாது.

அம்மா கூடவே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். என்ன செய்வது?

நம்பிக்கைக்கு உரியவர் உடன் இருப்பது குழந்தையின் உரிமை. அந்த நம்பிக்கைக்கு உரியவர் யார் என்று முடிவு செய்ய வேண்டியது குழந்தை. பல பிள்ளைகள் அம்மா அழுவதைப் பார்த்தால் பேச மாட்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் வெட்டிவிடுவார் என்று பயப்படும் பெண்கள் உண்டு. நான் பிள்ளையைத் தனியாகக் கேட்பேன்: "யாரு கூட இருந்தா உனக்கு வசதி? யாரும் வேண்டாம்னாலும் சொல்லு." பெரியம்மா, டியூஷன் அக்கா, ஒரு முறை மூன்றாம் வீட்டுக் கிறிஸ்டி ஆன்ட்டி என்றும் பதில் வந்திருக்கிறது.

உள்ளே இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: குழந்தையின் பின்பக்கம் உட்காருங்கள், பதில் சொல்லாதீர்கள், "அன்னைக்குச் சொன்னியே, அதைச் சொல்லு" என்று தூண்டாதீர்கள். அழுகை வந்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள். இதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதபடி சொல்வது ஒரு கலை. அம்மாவுக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும் உட்கார ஒரு நாற்காலியும் தேவை என்பதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

குழந்தை பேசவே இல்லை. அல்லது இன்று ஒன்றும் நாளை ஒன்றும் சொல்கிறது.

பேசாமல் இருப்பது அதன் உரிமை. பத்து விநாடி மௌனத்தை நம்மால் தாங்க முடியவில்லை, அதுதான் பிரச்சினை. எண்ணிப் பாருங்கள், பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று. பல பிள்ளைகள் பதினொன்றாவது விநாடியில் பேசும். அன்றைக்கு வரவில்லை என்றால் "பரவால்ல, எப்ப தோணுதோ அப்ப பேசலாம்" என்று முடித்துவிட்டு, நாளும் ஆளும் குறித்துக்கொண்டு திரும்ப வாருங்கள். வாயைப் பிடுங்கி வாங்கியது எதுவும் நிற்காது.

மாற்றிச் சொல்வதற்குப் பொய் ஒரு காரணம்தான், அதுவும் கடைசிக் காரணம். முதல் நாள் கொஞ்சம் சொல்லி, நம் முகத்தைப் பார்த்து, மறுநாள் இன்னும் கொஞ்சம் சொல்வது சாதாரணம். சொன்னதை மறுப்பதும் நடக்கும். அப்படி மறுத்தால் இடையில் வீட்டுக்கு யார் வந்துபோனார்கள் என்று விசாரியுங்கள். குற்றம் செய்தவர் பெரும்பாலும் தெரிந்தவராக இருப்பதால், "குடும்ப மானம்", "அவர் ஜெயிலுக்குப் போனா உன் அக்கா கல்யாணம் நின்னுடும்" என்ற பேச்சு வீட்டுக்குள் நுழைய அதிக நேரம் ஆகாது.

பொய்ப் புகார் என்று தெரிந்தால் குழந்தைக்குத் தண்டனை உண்டா?

இல்லை. 22ஆம் பிரிவு பெரியவர்களின் பொய்ப் புகாருக்குத் தண்டனை சொல்கிறது. குழந்தை கொடுத்த பொய்த் தகவலுக்குத் தண்டனை கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. "பொய் சொன்னா உன்னைத்தான் போலீஸ் பிடிக்கும்" என்று மிரட்டுபவர்கள் இதைப் படித்துக்கொள்ளலாம்.

வேற்று மொழிக் குழந்தை, மாற்றுத்திறன் உள்ள குழந்தை என்றால்?

மொழிபெயர்ப்பாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோரின் உதவியைச் சட்டமே தருகிறது. திருப்பூர் போன்ற ஊரில் ஒடியாவோ இந்தியோ பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை என்றால், 'யாராவது இந்தி தெரிஞ்சவங்க இருக்கீங்களா' என்று பக்கத்து அறையில் இருப்பவரை மொழிபெயர்க்கக் கூப்பிடாதீர்கள். அதே மில்லின் சூப்பர்வைசரைக் கூட்டிவந்து உட்கார வைத்ததையும் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பவர் சுருக்கக் கூடாது, அழகுபடுத்தவும் கூடாது. காது கேளாத பிள்ளையின் வீட்டுச் சைகை அம்மாவுக்கு மட்டுமே புரியும் என்ற நிலை வரும். அப்போதும் சைகை மொழி தெரிந்த ஒருவர் அருகில் இருக்கட்டும்.

சொன்னதை எப்படி எழுதுவது?

சொன்னபடி. மாஜிஸ்திரேட் முன் தரும் வாக்குமூலத்தைக் குழந்தை பேசியபடியே பதிய வேண்டும் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வாக்குமூலம்தான் இது. 2024 ஜூலை முதல் புதிய நடைமுறைச் சட்டத்தில் 183ஆம் பிரிவு என்றாலும், வராந்தாவில் எல்லோரும் இன்னும் 164 என்றே சொல்கிறார்கள்.

காவல் நிலையத்தில் பழகிய கை எழுதுவது வேறு மாதிரி இருக்கும்: "மேற்படி நபர் என்னைத் தனிமையில் அழைத்துச் சென்று பாலியல் சீண்டலில் ஈடுபட்டார்." ஏழு வயதுப் பிள்ளை இப்படிப் பேசுமா? அது சொன்னது, "கேரம் போர்டு இருக்கு வான்னு சொல்லிட்டு, கதவ சாத்திட்டு, என் ட்ரவுசர இழுத்துச்சு" என்பது. கோர்ட்டில் வக்கீல் "மேற்படி நபர் என்றால் யார், தம்பி?" என்று கேட்டால் அது திருதிருவென்று விழிக்கும். "குழந்தைக்கு இது தெரியவே தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று வாதம் முடிந்துவிடும். அந்தக் கேரம் போர்டு இருந்திருந்தால், சம்பவ இடத்தில் அதைத் தேடிப் பார்க்கவாவது முடிந்திருக்கும்.

உங்கள் கேள்வியையும் எழுதுங்கள். பதிலை மட்டும் எழுதினால், அது தானாக வந்ததா, பிடுங்கியதா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

கோர்ட்டில் மறுபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

ஆம், ஆனால் சட்டம் சில தடுப்புகளைப் போட்டிருக்கிறது. வக்கீல்கள் கேள்விகளை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், குழந்தையிடம் கேட்பவர் நீதிபதி. அடிக்கடி இடைவேளை விடலாம். மிரட்டும் கேள்வி, நடத்தையைக் கேவலப்படுத்தும் கேள்வி கூடாது. இவையெல்லாம் 33ஆம் பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாமல் திரை, ஒருபுறக் கண்ணாடி, காணொளி வழி என்பது 36. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டதிலிருந்து 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும் என்பது 35.

எல்லா இடத்திலும் இப்படியே நடக்கிறதா என்று கேட்காதீர்கள். திரைக்குப் பதில் பீரோவை நகர்த்தி வைத்து மறைத்த இடமும் உண்டு. வாய்தா வாய்தாவாகப் போய், நடந்தபோது எட்டு வயதில் இருந்த பெண் பதினொரு வயதில் கூண்டருகே நின்றதும் உண்டு. ஆதரவு நபருக்கு நான் சொல்வது: முந்தைய நாளே கூட்டிப்போய் வெறும் கோர்ட் ஹாலைக் காட்டுங்கள். எங்கே உட்காருவோம், டாய்லெட் எங்கே, ஜட்ஜ் எந்தக் கதவு வழியாக வருவார் என்று. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம், 'இப்படிச் சொல்லு' என்ற ஒத்திகையும் வேண்டாம்.

பேச்சை எப்படி முடிப்பது?

கனமான இடத்தில் விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள். "நான் கேட்காதது ஏதாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "இல்ல" என்று வரும், சில சமயம் முக்கியமான விஷயமே இங்கேதான் வரும். "நீ ஏதாவது என்கிட்ட கேக்கணுமா?" என்றும் கேளுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "அவருக்கு நிச்சயம் தண்டனை கிடைக்கும்" என்பது உங்கள் கையில் இல்லை, சொல்லாதீர்கள்.

முட்டைத் தோசை சாப்பிட்டு வந்த அந்த ஆறு வயதுக்காரி, முக்கால் மணி நேரம் பேசி முடித்ததும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அக்கா, அந்த ஆயா கோழிய வித்துருக்குமா?" தெரியாது என்றேன். "சரி, தெரியலன்னா தெரியாதுன்னு சொல்லலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.